தாளத்துக்குப் பிந்தி வந்த குரல்: பில்லி ஹாலிடே

பில்லி ஹாலிடேயைப் பற்றி எழுதப் புகுவோர் பெரும்பாலும் அவருடைய மரணத்திலிருந்தே தொடங்குகின்றனர். 1959 ஜூலை 17 அன்று நியூயார்க் மெட்ரோபாலிட்டன் மருத்துவமனையில் அவர் இறந்தபோது வயது 44. வங்கிக் கணக்கில் இருந்தது 70 சென்ட். காலோடு சேர்த்து ஒட்டி வைத்திருந்தது 750 டாலர். போதைப்பொருள் வைத்திருந்தார் என்று நோய்ப்படுக்கையிலேயே அவர் கைது செய்யப்பட்டார். அறைக்குக் காவலும் போடப்பட்டது. இவையெல்லாம் உண்மைதான். ஆயினும் இவற்றைத் திரும்பத் திரும்பச் சொன்னதில் பாடகி மெல்ல மறைந்து, துன்பப்பட்ட பெண் மட்டும் எஞ்சிவிட்டார். 1972இல் டயானா ராஸ் நடித்து வந்த திரைப்படமும், 2021இல் ஆண்ட்ரா டே நடித்து வந்த திரைப்படமும் இதற்கு விலக்கல்ல. வாழ்க்கை அவரை வருத்தியது, ஆகவே குரல் உருகியது என்றொரு எளிய சமன்பாடு நம்மிடையே நிலைபெற்றுவிட்டது. அன்றைய ஹார்லெமில் துன்புற்ற பெண்கள் பல்லாயிரவர் இருந்தனர். அவர்களுள் ஒருவர் மட்டும் அவ்வாறு பாடியது எங்ஙனம் என்ற கேள்விக்கு இச்சமன்பாட்டில் விடையில்லை.

நாமும் இப்பிழையிலிருந்து தப்பியவர் அல்லோம். மாணவப் பருவத்தில் நண்பர் ஒருவர் தந்த தேய்ந்த ஒலிநாடாவில்தான் இக்குரலை முதன்முதலாகக் கேட்டோம். பக்க இசை ஓரிடத்தில் இருக்க, குரல் அதற்குப் பின்னே எங்கோ சோம்பலாக வந்துகொண்டிருந்தது. பாடுபவர் தாளத்தைத் தவறவிடுகிறார் என்றும், உடல்நலக் குறைவால் அவ்வாறு நேர்ந்திருக்கலாம் என்றும் அப்போது தீர்மானித்துவிட்டோம். நாம் கேட்ட பதிவு 1935ஆம் ஆண்டுக்குரியது, பாடியவருக்கு அப்போது 20 வயது என்பதைப் பல ஆண்டுகளுக்குப் பின்னரே அறிந்தோம். நோயும் இல்லை, தவறும் இல்லை. ஓர் இளம்பெண் முழு விழிப்போடு செய்த காரியம் அது.

வாழ்க்கைக் குறிப்பைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1915 ஏப்ரல் 7 அன்று பிலடெல்பியாவில் பிறந்தவர். இயற்பெயர் எலினோரா ஃபேகன். தாய் சேடி ஃபேகன். தந்தை கிளாரன்ஸ் ஹாலிடே, பிற்காலத்தில் ஃப்ளெட்சர் ஹெண்டர்சனின் குழுவில் கிதார் வாசித்தவர். மகளோடு அவருக்கு ஒட்டுறவு குறைவு. வளர்ந்தது பால்டிமோர் நகரில். பள்ளிக்கு ஒழுங்காகச் செல்லவில்லை என்று 1925இல் நீதிமன்றம் அவரைக் கன்னியர் நடத்திய சீர்திருத்த இல்லத்துக்கு அனுப்பியது. வில்லியம் டஃப்டி துணையோடு 1956இல் வெளியிட்ட தன்வரலாற்றில் தாம் பால்டிமோரில் பிறந்ததாகவும், அப்போது தாய்க்கு வயது 13 என்றும் கூறுகிறார். பின்வந்த ஆய்வாளர்கள் ஆவணங்களைத் தேடிப் பிறந்த ஊரையும் தாயின் வயதையும் திருத்தியுள்ளனர். அந்நூலைச் சான்றாக எடுப்போர் எச்சரிக்கையோடு எடுத்தல் வேண்டும்.

எனினும் அந்நூலில் நமக்குப் பயன்படும் செய்தி ஒன்று உண்டு. சிறுமியாக எடுபிடி வேலை செய்த பரத்தையர் இல்லத்தின் முன்னறையில் ஒரு கிராமபோன் இருந்தது. லூயி ஆம்ஸ்ட்ராங்கையும் பெஸ்ஸி ஸ்மித்தையும் அதில்தான் கேட்டார். பெஸ்ஸியின் நிறைந்த ஓசையும் ஆம்ஸ்ட்ராங்கின் உணர்வும் தமக்கு வேண்டும் என்று ஆசைப்பட்டதாகப் பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார். முன்னது அவருக்குக் கிட்டவில்லை, கிட்டியிருக்கவும் இயலாது. பெஸ்ஸி ஒலிவாங்கியின் துணையின்றிக் கூடாரங்களிலும் நாடக அரங்குகளிலும் கடைசி வரிசை வரை குரலை எறிந்து பழகியவர். பில்லியின் குரலோ மெல்லியது. வீச்சும் ஒரு ஸ்தாயிக்குச் சற்றே மேல். முந்தைய தலைமுறையில் பிறந்திருப்பாரேயானால் அவரைப் பாடகி என்றே எவரும் ஏற்றிருக்க மாட்டார்கள். அவரைக் காப்பாற்றியது ஒலிவாங்கி. 1925இல் மின்வழி ஒலிப்பதிவு வந்தபின் காதருகே பேசுவது போலப் பாடும் வழி திறந்தது.

இம்மாற்றத்தை வரலாறு ஒரே வாரத்தில் வைத்துக் காட்டுகிறது. 1933இன் தொடக்கத்தில் ஹார்லெம் விடுதியொன்றில் பில்லியைக் கேட்டு வியந்தவர் ஜான் ஹாமண்ட் என்னும் இளம் இசைத்தட்டுத் தயாரிப்பாளர். அவ்வாண்டு நவம்பர் 24 அன்று பெஸ்ஸி ஸ்மித்தின் கடைசி ஒலிப்பதிவை நடத்தியவர் அவரே. மூன்று நாள் கழித்து, நவம்பர் 27 அன்று, பென்னி குட்மன் குழுவோடு பில்லி ஹாலிடேயின் முதல் ஒலிப்பதிவையும் அவரே நடத்தினார். அம்முதல் பாடலில் அவர் இன்னும் அவராகவில்லை. சுருதி உயரமாக வைக்கப்பட்டிருக்கிறது. பாடுபவர் முந்திக்கொண்டு ஓடுகிறார்.

அவர் அவராகியது 1935 ஜூலை 2 அன்று. பியானோ கலைஞர் டெடி வில்சனின் தலைமையில் சில கலைஞர்கள் கூடி அன்று பதிவுசெய்த பாடல்களுள் ‘வாட் எ லிட்டில் மூன்லைட் கேன் டூ’ ஒன்று. கேட்டுப் பார்த்தால் நாம் சொல்ல வருவது விளங்கும். பக்க இசை மிக விரைவான நடையில் ஓடுகிறது. குட்மனின் கிளாரினெட் துள்ளிக்கொண்டு முன்னே செல்கிறது. குரல் நுழையும்போது அவ்விரைவு அதனைத் தொடுவதேயில்லை. நீண்ட கார்வைகளாக, ஓடும் இரயிலின் உள்ளே நிதானமாக நடப்பவரைப் போல, அது தன் போக்கில் வருகிறது. சொல் விழவேண்டிய அடியில் விழாமல், அந்த அடி கடந்தபின் விழுகிறது. அடுத்த சொல்லும் அவ்வாறே. இனி ஒன்றுசேரவே முடியாது என்று கேட்பவர் ஐயுறும்போது, பகுதி முடியுமிடத்தில் குரலும் இசையும் சேர்ந்து நிற்கின்றன.

நம் இசையில் பயிற்சியுள்ளோர் இதனை அனாகத எடுப்பு என்று கருதிவிடக் கூடும். அனாகதத்தில் பிந்தும் அளவு கணக்குக்கு உட்பட்டது. தாளம் போட்டுக் காட்டிவிடலாம். பில்லியின் பிந்துதலை அவ்வாறு எண்ணிவிட இயலாது. அவருடைய வரியைத் தனியே பிரித்துக் கேட்டால், அதற்குள் ஒரு சீரான நடை ஓடுவது தெரிகிறது. அந்நடை பக்க இசையின் நடையைவிடச் சற்றே மெதுவானது. இரண்டு கால அளவுகள் ஒரே நேரத்தில் இயங்குகின்றன. இதைச் செய்வதற்குத் தாள அறிவு குறைந்திருக்க வேண்டியதில்லை, மிகுந்திருக்க வேண்டும். உடன் வாசிப்போரை விட்டு விலகி நிற்பவர், அவர்கள் எங்கிருக்கிறார்கள் என்பதை நொடிதோறும் அறிந்திருந்தால்தான் திரும்பி வந்து சேர இயலும்.

மெட்டையும் அவர் விட்டுவைப்பதில்லை. அக்காலத்து வணிகப் பாடல்களின் மெட்டுகள் ஏறி இறங்கித் தாவும் இயல்பின. அவ்வளைவுகளை அவர் நசுக்கி, மேலிருக்கும் சுரமொன்றைச் சுற்றி மூன்று நான்கு சுரங்களுக்குள் வரியை அடக்கிவிடுவார். குரலின் எல்லை குறுகியது என்பதால் வந்த ஏற்பாடு இது என்று சிலர் சொல்வர். இருக்கலாம். ஆனால் நெடுநேரம் ஒரே மட்டத்தில் பேச்சுப் போலச் சென்ற குரல், திடீரென்று ஒரு சொல்லில் இறங்கும்போது அவ்விறக்கத்துக்குக் கிடைக்கும் கனம், மெட்டை அப்படியே பாடியவர்களுக்குக் கிடைக்கவில்லை. வரியின் கடைசிச் சுரம் நேராக நில்லாமல் சற்றே வளைந்து கீழே சாயும். சிறு நடுக்கம் ஒன்று அதன் இறுதியில் மட்டும் தோன்றி மறையும். ஒரு சொல்லைக்கூட அவர் விழுங்குவதில்லை என்பதையும் கவனிக்க வேண்டும்.

அவருக்கு அளிக்கப்பட்ட பாடல்களுள் பல மூன்றாந்தரமானவை. ஜூக் பாக்ஸ் பெட்டிகளுக்காக விரைந்து தயாரிக்கப்பட்ட தட்டுகள் அவை. ஒரு பாடலுக்கு இவ்வளவு என்று ஒரேயொரு தொகை, ராயல்டி கிடையாது. நிலவொளியில் படகில் செல்வதைப் பற்றிய ‘எ செய்ல்போட் இன் த மூன்லைட்’ என்ற 1937ஆம் ஆண்டுப் பாடலைச் சொல்லின் அளவில் படித்தால் நமக்குச் சிரிப்புத்தான் வரும். பில்லி அதனைக் கேலி செய்யவும் இல்லை, நம்பிவிடவும் இல்லை. அவருக்குப் பின்னால் லெஸ்டர் யங்கின் சாக்ஸபோன் வரியோடு வரி பின்னிக்கொண்டே போகிறது. எது குரலுக்கு விடை, எது குரலின் தொடர்ச்சி என்று பிரிக்க முடிவதில்லை. 1937 ஜனவரியில்தான் இவ்விருவரும் முதன்முதலாகச் சேர்ந்து பதிவுசெய்தனர். யங் அவருக்கு ‘லேடி டே’ என்று பெயர் சூட்டினார். அவர் யங்குக்கு ‘ப்ரெஸ்’ என்று பெயர் சூட்டினார், ஜனாதிபதி என்ற பொருளில். சாக்ஸபோன் உலகில் கோல்மன் ஹாக்கின்ஸின் தடித்த நாதமே இலக்கணமாக இருந்த காலத்தில், மெல்லிய நாதத்தோடு தாளத்துக்குச் சற்றுப் பின்னே நடந்தவர் யங். குரலில் பில்லி செய்ததும் இதுவே.

தாம் பாடுவதாகவே தமக்குத் தோன்றுவதில்லை, ஊதுகருவி ஒன்றை வாசிப்பதாகவே தோன்றுகிறது என்று பில்லி சொன்னதை இங்கே பொருத்திப் பார்க்க வேண்டும். ஜாஸ் பாடகர்கள் கருவியைப் போலப் பாடுவது என்றால் பொருளற்ற அசைகளை அடுக்கிப் பாடும் ‘ஸ்கேட்’ முறையே நினைவுக்கு வரும். எல்லா ஃபிட்ஸ்ஜெரால்ட் அதில் ஈடற்றவர். பில்லி அவ்வாறு பாடவேயில்லை எனலாம். கருவியின் சுதந்திரத்தைச் சொல்லுக்குள்ளேயே தேடினார். இலக்கியம் கற்றோர் என்ற முறையில் நம் மனம் அவர் பக்கமே சாய்கிறது. எல்லாவின் அன்பர்கள் பொறுத்தருள்க.

குழுப் பாடகியாக அவர் இருந்த காலம் குறைவு. 1937இல் கவுண்ட் பேசியின் குழுவில் சேர்ந்தார். இருவரும் வெவ்வேறு நிறுவனங்களுக்கு ஒப்பந்தமானவர்கள் ஆதலால் ஒலிப்பதிவுக் கூடத்தில் சேர்ந்து பாட இயலவில்லை. வானொலி ஒலிபரப்பிலிருந்து மூன்று பாடல்கள் மட்டுமே எஞ்சின. 1938இல் ஆர்ட்டி ஷாவின் வெள்ளையர் குழுவில் பாடினார். நியூயார்க்கின் லிங்கன் விடுதியில், விருந்தினர் கண்ணில் படாதபடி சரக்கு மின்தூக்கியில் வந்து போகுமாறு சொல்லப்பட்டது. அவ்வாண்டு முடிவதற்குள் விலகிவிட்டார்.

1938 டிசம்பரில் கிரீனிச் வில்லேஜ் பகுதியில் பார்னி ஜோசப்சன் ‘கஃபே சொசைட்டி’ என்ற இரவு விடுதியைத் திறந்தார். கறுப்பரும் வெள்ளையரும் மேடையில் மட்டுமன்றி மேசையிலும் ஒன்றாக அமரலாம் என்பது அவ்விடுதியின் வழக்கம். பிராங்ஸ் பகுதிப் பள்ளி ஆசிரியர் ஏபல் மீரோபோல் எழுதிய ‘ஸ்ட்ரேஞ்ச் ஃப்ரூட்’ என்ற பாடல் அங்கேதான் பில்லியின் கைக்கு வந்தது. தென் மாநிலங்களில் கறுப்பினத்தவரைக் கும்பலாகச் சேர்ந்து மரத்தில் தூக்கிட்டுக் கொல்வதைப் பற்றியது அது. 1930இல் இண்டியானா மாநிலத்தின் மேரியன் நகரில் நடந்த கொலையின் நிழற்படம் மீரோபோலை எழுதத் தூண்டியது. தாமும் சேர்ந்து மெட்டமைத்ததாகப் பில்லி தன்வரலாற்றில் சொல்வது சரியன்று. சொல்லும் மெட்டும் மீரோபோலுடையவை.

பாடியது மட்டும் முற்றிலும் பில்லியுடையது. நிகழ்ச்சியின் கடைசிப் பாடலாக அதை வைத்தார்கள். பரிமாறுபவர்கள் வேலையை நிறுத்துவர், விளக்குகள் அணையும், பாடகியின் முகத்தில் மட்டும் ஒளி விழும். பாடி முடித்ததும் அவர் சென்றுவிடுவார், மீண்டும் வரமாட்டார். கொலம்பியா நிறுவனம் இதைப் பதிவுசெய்ய மறுத்ததால், 1939 ஏப்ரல் 20 அன்று மில்ட் கேப்லரின் கொமடோர் என்ற சிறு நிறுவனத்துக்குப் பாடினார். பதிவில் ஒரு நிமிடத்துக்கும் மேல் கழிந்த பின்னரே குரல் வருகிறது. வந்தபின் அது கதறுவதில்லை, குற்றம் சாட்டுவதுமில்லை. ஒரு காட்சியைக் கண்டவர் சாட்சி சொல்வது போல, சொல்லுக்குச் சொல் இடம்விட்டு நகர்கிறது. இதே பாடலை நெஞ்சைப் பிளக்கும்படி உரக்கப் பாடியவர்கள் பின்னர் உண்டு. அவற்றைக் கேட்கையில் பாடுபவரின் கோபம் நமக்குத் தெரிகிறது. பில்லி பாடுகையில் மரம் தெரிகிறது. வேகமான காதற்பாட்டில் அவர் பழகிய அதே பிந்துதல், இங்கே சொல்ல நாவெழாத தயக்கமாக மாறியிருக்கிறது. அடுத்த சொல்லைச் சொல்லாமலே விட்டுவிடுவாரோ என்று கேட்பவர் காத்திருக்க நேர்கிறது.

1944இல் டெக்கா நிறுவனத்தில் வயலின் குழு சூழப் பாடிய ‘லவர் மேன்’ அவருக்குப் பெரும்புகழ் தந்தது. போதைப் பழக்கமும் அக்காலத்தில் முற்றியிருந்தது. 1947 மே மாதம் கைதானார். ஓராண்டும் ஒருநாளும் என்று தண்டனை விதிக்கப்பட்டு மேற்கு வர்ஜீனியாவின் ஆல்டர்சன் சிறைக்கு அனுப்பப்பட்டார். அங்கே ஒருமுறைகூடப் பாடவில்லை என்கிறார். ‘ஸ்ட்ரேஞ்ச் ஃப்ரூட்’ பாடியதற்காகவே போதைப்பொருள் தடுப்புத் துறையினர் அவரைத் துரத்தினர் என்பது 2021 திரைப்படம் சொல்லும் கதை. அத்துறை அவரை விடாமல் பின்தொடர்ந்தது வரலாறு. பாடலே காரணம் என்பதற்கு வலுவான சான்று காட்டப்படவில்லை. அழகான கதை என்பதற்காக அதை ஏற்க நாம் தயங்குகிறோம்.

அதனினும் கொடியது எனத் தக்க ஒன்று ஓசையின்றி நடந்தது. நியூயார்க் நகரில் மது விற்கும் இடங்களில் பாடவோ வாசிக்கவோ வேண்டுமானால், காவல்துறை வழங்கும் ‘கேபரே அட்டை’ இருக்க வேண்டும் என்ற விதி 1940 முதல் நடைமுறையில் இருந்தது. விரல்ரேகை பதித்துப் பெறவேண்டிய அட்டை அது. தண்டனை பெற்ற பில்லிக்கு அது மறுக்கப்பட்டது. 1948 மார்ச் 16 அன்று விடுதலையானவர், அம்மாதம் 27 அன்று கார்னகி மண்டபத்தில் அரங்கு நிறையப் பாடினார். அங்கே மது விற்பதில்லை ஆதலால் சட்டம் குறுக்கே நிற்கவில்லை. ஆயிரக்கணக்கானோர் முன்னிலையில் பாடலாம். அறுபது பேர் அமரும் 52ஆம் தெரு விடுதியில் பாடக்கூடாது.

வருமான இழப்பு என்று மட்டும் இதைக் கணக்கிட்டால் பாதியைத்தான் கண்டவர் ஆவோம். அக்குரல் சிறிய அறைக்கென வளர்ந்த குரல். கால் நொடி பிந்தி விழும் சொல்லை, வரியின் கடைசியில் மட்டும் தோன்றும் நடுக்கத்தை, புருவம் சற்றே உயர்வதைப் பத்தடி தூரத்தில் இருப்பவரே முழுமையாக உணர இயலும். எந்த அறையில் அக்கலை பிறந்ததோ அந்த அறையின் கதவைச் சட்டம் அடைத்தது. பாஸ்டனில் ஸ்டோரிவில் போன்ற வெளியூர் விடுதிகளிலும், 1954இல் ஐரோப்பியப் பயணத்திலும் அவர் பாடினார். சொந்த நகரத்தின் விடுதிகள் மட்டும் அவருக்கு மூடிக்கிடந்தன. பியானோ மேதை தெலோனியஸ் மங்க் 1951 முதல் ஆறாண்டுக்காலம் இதே தண்டனையை அனுபவித்தார்.

1950களின் பதிவுகளைப் பற்றி ஜாஸ் அன்பர்களிடையே இன்றும் பூசல் உண்டு. குரல் கரகரத்துவிட்டது, மேல்சுரங்கள் போய்விட்டன, மூச்சு போதவில்லை என்பார் ஒருசாரார். துயரின் முதிர்ச்சி அதில்தான் உள்ளது என்று உருகுவார் மற்றொரு சாரார். இரண்டாமவர் சொல்வது மீண்டும் அந்தப் பழைய சமன்பாடே என்பது நம் ஐயம். குரல் சிதைந்தது உண்மை; சிதைவை அழகென்று கொண்டாட வேண்டியதில்லை. கேட்க வேண்டியது, குரல் போனபின் எது எஞ்சியது என்பதை. நார்மன் கிரான்ஸ் தயாரிப்பில் பென் வெப்ஸ்டர், ஹாரி எடிசன், ஜிம்மி ரோல்ஸ் ஆகியோருடன் 1957 ஜனவரியில் பாடியவற்றைக் கேட்டால், பிந்துதலின் நுட்பம் முன்னிலும் துணிவாக இருக்கிறது. நாதம் குறையக் குறையக் காலக்கணக்கின் மீதே முழுப்பாரத்தையும் ஏற்றியிருக்கிறார். முன்னைய பில்லியைவிட இப்போதைய பில்லியைக் கேட்கவே விரும்புவதாக 1958இல் மைல்ஸ் டேவிஸ் கூறினார். மௌனத்தின் அருமை அறிந்த டிரம்பெட் கலைஞர் அவ்வாறு சொன்னதில் வியப்பில்லை.

1958 பிப்ரவரியில் ரே எல்லிஸின் நாற்பது பேர் கொண்ட இசைக்குழுவோடு ‘லேடி இன் சாட்டின்’ பதிவானது. பட்டுப்போன்ற வயலின்களுக்கு நடுவே அக்கரகரத்த குரல் துணியில் மாட்டிய முள்ளாகக் கேட்கிறது. பதிவு முடிந்தபோது எல்லிஸுக்கே நிறைவில்லை. சுரம் சரியாக இருக்கிறதா என்று கேட்டுக்கொண்டிருந்தவர், பின்னர் தனியே அமர்ந்து கேட்டபோதுதான் பாட்டைக் கேட்டதாக ஒப்புக்கொண்டார். நமக்கோ அந்த வயலின்கள் இன்றளவும் மிகை என்றே படுகிறது. ஆனால் அவற்றை விரும்பிக் கேட்டுப் பெற்றவர் பில்லியேதான்.

ஒரே பாடலை இருமுறை கேட்க வாய்ப்புள்ளோர் ‘ஃபைன் அண்ட் மெல்லோ’வைக் கேட்கலாம். அவரே எழுதியது, பன்னிரண்டு அளவைகள் கொண்ட முறையான ப்ளூஸ் வடிவம். ப்ளூஸ் பாடகி என்றே அவரைப் பலர் குறிப்பிட்டாலும், இவ்வடிவில் அவர் பாடியவை மிகச் சிலவே. 1939இல் இது ‘ஸ்ட்ரேஞ்ச் ஃப்ரூட்’ தட்டின் மறுபக்கமாக வந்தது. 1957 டிசம்பர் 8 அன்று சி.பி.எஸ். தொலைக்காட்சியின் ‘த சவுண்ட் ஆஃப் ஜாஸ்’ நிகழ்ச்சியில் மீண்டும் பாடினார். உயரமான முக்காலியில் அமர்ந்திருக்கிறார்; சுற்றிலும் ஹாக்கின்ஸ், வெப்ஸ்டர், ஜெரி மல்லிகன், ராய் எல்ட்ரிட்ஜ். நோயுற்றிருந்த லெஸ்டர் யங் தம் முறை வந்ததும் எழுந்து ஒரேயொரு சுற்று வாசிக்கிறார். மிகக் குறைந்த சுரங்கள். ஒவ்வொன்றும் தாளத்துக்குச் சற்றுப் பின்னே விழுகிறது. பில்லி அவரைப் பார்த்தபடி மெல்லத் தலையசைக்கிறார், அடுத்த சுரம் எங்கே விழும் என்று முன்பே அறிந்தவர் போல.

யங் 1959 மார்ச் 15 அன்று இறந்தார். நான்கு மாதம் கழித்துப் பில்லி. நியூயார்க் நகரம் கேபரே அட்டை விதியை 1967இல் நீக்கியது.